பாதியில் நிற்கும் கீல்

தேவி,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பின் பின்னால் ஸ்பேர் டயரைத் தாங்குகிற கை முழுவதும் திறக்காமல் பாதியில் நிற்கிறது என்றாயே, அதை நிறுத்துகிற இரும்புக் கட்டையை யாரையும் அறுக்கச் சொல்லாதே. வெல்டர் கையில் சாமானை எடுத்துவிட்டார் என்றாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். உன் அம்மா ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போதே ஊர்க்கதை பேசுகிறவள், கடிதத்தில் மட்டும் எப்படிச் சுருக்கமாக இருப்பேன்?

போன ஞாயிறு போனில் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா அவசரத்துல அரைகுறையா முடிச்சிட்டாரு போலம்மா. முழுசா தொறக்கவே மாட்டேங்குது. இங்க கேம்ப்ல ஒரு வெல்டர் அண்ணே இருக்காரு, அறுத்துட சொல்லப்போறேன்." நான் "ம்... ம்..." என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? ஒவ்வொரு ஞாயிறும் நீ கூப்பிடுகிற நேரத்துக்கு உன் அப்பா ரேடியோவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாட்டுக் கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். நீயும் "அப்பாகிட்ட குடுங்க" என்று சொல்வதில்லை. அவரும் கை நீட்டுவதில்லை. போனை வைத்ததும், "என்னவாம்?" என்றார். "நல்லா இருக்காளாம்" என்றேன். அப்பனும் மகளும் இரண்டு மாதமாகப் பேசாமல் இருக்க, நடுவில் நான் தபால்காரி வேலை பார்ப்பது போதும் போதும் என்றாகிவிட்டது.

நீ குவா மூசாங்கில் மண் ஆய்வு வேலை கிடைத்தது என்று வந்து நின்ற நாளை நினைத்துப் பார். பண்டமாரானில் நம் வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "பொம்பளப் புள்ளைய படிக்க வெச்சது காட்டுல போய் மண்ணு தோண்டவா?" என்று எதிர்வீட்டு அக்கா என் தையல் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து கேட்டாள். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான், மறைக்க மாட்டேன். உன் அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் கழித்துவிட்ட பழைய ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "பஸ் போகாத எடத்துக்குப் போறா, கால் நடையாவா போவா?" என்றார். நீயும் அவருமாக அதற்குப் பெரிய சேற்று டயர்கள் நான்கு மாட்டினீர்கள். ஐந்தாவது, அந்த ஸ்பேர் டயர், பின்கதவில் தொங்கியது. அதன் பாரத்தில் ஒரே மாதத்தில் கதவின் கீல் இரண்டும் விரிசல் விட்டன. கதவு ஒரு பக்கம் சாய்ந்து, வெற்றிலை போட்ட கிழவன் வாய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நீ பழைய புத்தகக் கடையிலிருந்து அந்த அமெரிக்கப் பத்திரிகையைக் கொண்டுவந்தாய். டயரைக் கதவில் மாட்டாமல், பின்பம்பரின் மூலையில் ஒரு கனமான கீல் வைத்து, அதிலிருந்து ஒரு இரும்புக் கை நீட்டி, அந்தக் கையில் டயரை மாட்டியிருந்தார்கள். பின்கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் அந்தக் கையைக் கேட் மாதிரி ஒதுக்கிவிட வேண்டும். நீ அந்தப் படத்தைப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எவ்வளவு அழகாக வரைந்தாய்! கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்குச் சிவப்பு மையில் ஒரு அம்புக்குறிகூடப் போட்டிருந்தாய். உன் அப்பா அதைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய், தான் வேலை பார்க்கிற பட்டறையில் தன் லேத் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்தார். போகிறவன் வருகிறவனிடமெல்லாம், "எம் மவ போட்ட பிளான்" என்று காட்டினாராம். பட்டறை முதலாளி தவுக்கே வந்து பார்த்துவிட்டு, "இது டயர் தொங்கவிடவா, கப்பலைக் கட்டவா?" என்று மலாயில் கேட்டாராம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் லேத்தை உபயோகித்துக்கொள்ளச் சாவி கொடுத்தார், நல்ல மனுஷர்.

நான் அந்த ஞாயிறுகளில் சோறு கட்டிக்கொண்டு போவேன். துறைமுக லோரி ஒன்றின் உடைந்த அச்சிலிருந்து உன் அப்பா அந்தக் கீலின் நடுத்தண்டைக் கடைந்தார். தண்டின் மேல் மாட்டிக்கொண்டு சுற்றுவதற்கு ஒரு குழாய், குழாய்க்குள் மேலும் கீழும் வெண்கல வளையம், கிரீஸ் அடிக்க ஒரு சின்ன நிப்பிள். லேத்திலிருந்து இரும்புச் சுருள் சுருளாக வந்து விழும். ஒரு சுருளை எடுத்து என் காதோரம் வைத்து, "ஜிமிக்கி வேணுமா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு விளையாட்டாகக் கொடுத்த நகைகள் நிறைய. நிஜமாகக் கொடுத்ததை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். அதை விடு.

முதல் தடவை அவர் குழாயை அளவாகக் கடைந்து முடித்துவிட்டு, பிறகு அதை அந்த இரும்புக் கையோடு சேர்த்து வெல்டிங் வைத்தார். ஆறியபின் தண்டை நுழைத்தால், போகவில்லை. வெல்டிங் சூட்டில் குழாய் இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டினார், எண்ணெய் விட்டார், திட்டினார். நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "புதுத் துணிய நனைச்சு ஒணத்தாம வெட்டுனா இப்படித்தான், தைச்ச பொறவு சுருங்கும்" என்றேன். "இரும்பு என்ன ஒன் லைனிங் துணியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கிறேன், முதலில் வெல்டிங் வைத்து, முழுக்க ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்பக்கத்தைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பேச்சு எடுத்தார். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற பாராட்டு அவ்வளவுதான் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நீ இதை ஞாபகம் வைத்துக்கொள். சூடாக இருக்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. துணிக்கும் அப்படித்தான், இரும்புக்கும் அப்படித்தான், அப்பனும் மகளும் கோபத்தில் பேசிக்கொள்கிற பேச்சுக்கும் அப்படித்தான்.

கடைசியில் வேலை முடிந்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, டயரையும் மாட்டிய அன்று நீ ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்தாய். அவ்வளவு கனமான டயர் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. "அப்பா, செம்ம லா!" என்று குதித்தாய். இருபத்து மூன்று வயதுப் பெண் குதிக்கிற குதியா அது! அந்த சந்தோஷத்தோடு கம்பெனிப் பயிற்சிக்கு செர்டாங் போய்விட்டாய். அடுத்த வாரம் நடந்தது உனக்குத் தெரியாது.

அதற்கு முன் காப்பாரில் இருக்கிற உன் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. என் தம்பி ஏன் காலை இழுத்து நடக்கிறான் என்று உனக்குத் தெரியும். லோரியில் கிளீனராக இருந்தபோது, சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் கயிறு கட்டுவதற்காக வலப்பக்கமாக, வண்டிகள் போகிற பக்கமாக நின்றான். வந்த கார் காலைத் தட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் போட்ட சட்டம், வண்டியிலிருந்து எல்லோரும் இடப்பக்கம், ஓரத்தில்தான் இறங்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு அது முடியாது என்பதால், கதவைத் திறக்குமுன் பின்னால் பார்த்துவிட்டேன் என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். "பாத்துட்டேன், மகாராணி!" என்று உன் அப்பா தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு இறங்குவதும், நீ வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்வதும் உனக்கு மறந்திருக்காது. இப்படிப்பட்ட சட்டம் வைத்திருக்கிற குடும்பம்தான் அந்தத் தவறைச் செய்தது என்பதுதான் வேடிக்கை.

அந்த ஞாயிறு கீலைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் இருவரும் ஜீப்பில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். எனக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது. துணி மூட்டையோடு வந்தேன். உன் அப்பா பெருமையாகப் பூட்டை நீக்கி, டயர்க் கையைத் தள்ளினார். அது நடைபாதைப் பக்கம், இடது பக்கமாகத் திரும்பி, பூக்கடைக்காரரின் குடைக்குக் கீழே போய் நின்றது. ஓரத்துப் பக்கம் அடைபட்டுவிட்டது. சாமானை ஏற்ற வேண்டுமானால் நான் டயரைச் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கம் வந்துதான் நிற்க வேண்டும். யோசிக்காமல் போய் நின்றேன். மூட்டையைத் தூக்குகிறேன், பின்னால் ஒரு மினி பஸ் உரசிக்கொண்டு போகிறது. என் தோளில் இருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு போய் நாலு கடை தள்ளிப் போட்டது. "யக்கா! சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலயா? உள்ள தள்ளி நில்லு லா!" என்று கண்டக்டர் தொங்கிக்கொண்டே கத்திவிட்டுப் போனான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டையை நடைபாதையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பையை எடுத்துவந்து கொடுத்தார். பிறகு நடைபாதையில் நின்றுகொண்டு டயரையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். என் பயத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் வேலை முடிந்ததும் ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கேஸ் கட்டர் வைத்து அந்தக் கீலைப் பம்பரோடு வெட்டி எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நீ வந்தாய். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஜீப்புக்குப் பின்னால் பம்பரே இல்லை. "முடிஞ்சிருச்சுன்னுதானே சொன்னீங்க? ஏன்ப்பா அறுத்தீங்க?" என்றாய். "சரியில்ல" என்றார். "என்ன சரியில்ல? நான் தொறந்து பாத்தேனே!" "சரியில்லன்னா சரியில்ல. வேற செய்றேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போ." அவ்வளவுதான், உனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் போகக் கூடாது, அதானே? அத வாயால சொல்லுங்க! இரும்ப ஏன் அறுக்கிறீங்க?" என்றாய். பஸ் உரசியதைச் சொல்ல வாயெடுத்த என்னை அவர் ஒரு பார்வையில் அடக்கினார். எனக்கும் அப்போது முழு விஷயம் தெரியாது. நீ கம்பெனிக்குப் போன் செய்து தவணை கேட்டாய். அவர்கள் முகம் சுளித்தார்கள், நீ அழுதாய். அந்த இரண்டு வாரமும் அவர் தினமும் பட்டறையிலிருந்து ஊர் அடங்கிய பிறகுதான் வந்தார். புதுப் பம்பர், புதுத் தண்டு, புதுக் குழாய், எல்லாம் மறுபடியும் செய்தார். நீ அதை ஏறெடுத்தும் பார்க்காமல், அவரிடம் சொல்லிக்கொள்ளாமல், விடியற்காலையில் ஓட்டிக்கொண்டு போனாய். அவர் குளித்துவிட்டு வந்து வாசலைப் பார்த்தார். ஈரத் தலையோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தார். அதைப் பார்த்தவள் நான், எனக்குத்தான் தெரியும்.

இப்போது கேள். போன மாதம் உன் காப்பார் மாமா வந்திருந்தான். வெட்டி எடுத்த பழைய கீலை உன் அப்பா நம் வீட்டுக் கேட்டுக்குப் பொருத்திக்கொண்டிருந்தார். "இவ்வளவு நல்ல சாமான், ஏன் மச்சான் கேட்டுக்குப் போடுற? ஜீப்புலயே வெச்சிருக்கலாமே" என்றான். நான் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தேன், மெஷினை நிறுத்திவிட்டேன்.

"அது எடது பக்கத்துக் கீலு, மாப்ள. அமெரிக்காக்காரன் ரோட்டுல வலது பக்கமா ஓட்டுறான். அவனுக்கு ஓரம் வலது. அதனால கீல எடது பக்கம் வெச்சிருக்கான், டயரு ரோட்டுப் பக்கம் போகும், அவன் ஓரமா நிப்பான். நாம எடது பக்கமா ஓட்டுறோம். படத்த அப்படியே காப்பி அடிச்சா, டயரு ஓரத்த அடைச்சுக்கும், எம் மவ லோரி வர்ற பக்கம் நிக்கணும். குவா மூசாங் ரோட்டுல காட்டு மரம் ஏத்துற பலாக்கு லோரி எப்படி வரும்னு ஒனக்குத் தெரியாதா?"

"இத அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லியிருந்தா கத்தியிருக்க மாட்டாளே?"

உன் அப்பா ஸ்பேனரைத் துடைத்தார். "பிளான் போட்டது அவ, மாப்ள. அவ்வளவு ஆசையா போட்டா. அம்புக்குறிகூட போட்டா. மொத வேலைக்குப் போற புள்ளைகிட்ட, ஒன் பிளான் தப்பு, அதுல ஒங்கம்மா பஸ்ல அடிபடப் பாத்தான்னு சொல்லி அனுப்பவா? நானும்தானே பாக்கல. எம்மேல கோவப்பட்டுட்டே போகட்டும். கோவம் ஆறும்."

நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை நனைந்துவிட்டது, தேவி. சட்டைக்குப் பொத்தான் ஆணுக்கு எந்தப் பக்கம், பெண்ணுக்கு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எனக்கு, அந்தப் படம் நமக்குப் பக்கம் மாறிப்போகும் என்று தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஆக, நம் மூன்று பேருக்குமே தெரியவில்லை. நீ மட்டும் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே. அப்படி உட்காருவாய் என்று பயந்துதான் அந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டிருந்தார், இந்த ஒரு மாதமாக நானும். நீ அழுதால் எனக்குத் தெரியாமல் அழு, அவர் மறைத்ததை உனக்குச் சொன்ன பாவம் எனக்கு வேண்டாம்.

இப்போது அந்தக் கட்டை விஷயம். நீ போனில் சொன்ன மறுநாள் நானே அவரிடம் கேட்டேன், கை ஏன் பாதியில் நிற்கிறது என்று. தோசைக்கரண்டியை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்துக் காட்டினார். இப்போது கீல் வலப்பக்கம் இருக்கிறது. நீ கையைத் தள்ளினால் அது வண்டிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அதற்கு மேல் போனால் சாலைக்குள் நீட்டிக்கொள்ளும், வருகிறவன் தட்டிவிடுவான். நேர் பின்னால் நின்றால், அந்தப் பெரிய டயர் உனக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும். நீ ஓரமாக நின்று நிம்மதியாக உன் மண் மூட்டைகளை ஏற்றலாம். அதற்காகத்தான் அந்தக் கட்டை. அரைகுறை வேலை இல்லை, பிள்ளை. அவர் செய்ததிலேயே முழுதாகச் செய்த வேலை அதுதான்.

நீ கேட்டாயே, நான் போகக் கூடாது என்றுதானே என்று. உண்மைதான், போகக் கூடாது என்றுதான் அவர் மனசு சொன்னது. எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் புரண்டதும் தெரியும், விடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியதும் தெரியும். ஆனால் மகளைப் போகவிடக் கூடாது என்று நினைக்கிற ஆள் அவளுடைய வண்டிக்கு கிரீஸ் நிப்பிள் வைத்துக் கொடுப்பாரா? அது வருஷக்கணக்கில் ஓடப்போகிற வண்டிக்கு வைக்கிறது. பாசம் என்றால் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதே. போகாதே என்பதும், போனால் பத்திரமாகப் போ என்பதும் ஒரே நெஞ்சில் இருக்கும். நாளைக்கு நீ ஒருத்தனைக் கட்டிக்கொள்வாய், பிள்ளை பெறுவாய், அப்போது இந்த இரண்டும் சேர்ந்து உன்னைப் படுத்தும்போது எங்களை நினைத்துக்கொள். அதுவரை, காட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடு. மழையில் நனைந்த சாக்ஸோடு படுக்காதே. வண்டியை விட்டு இறங்குமுன் பின்னால் பார். நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சத்தமாகச் சொல்லிவிட்டே இறங்கு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அப்பாவிடம் கொடுக்கச் சொல். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். கீலுக்கு எந்த கிரீஸ் அடிக்கலாம் என்று மட்டும் கேள். ரேடியோவை அணைத்துவிட்டு அரைமணி நேரம் பேசுவார், உன் போன் செலவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். வெட்டிய சூட்டில் அந்தப் பழைய கீல் ஒரு மயிரிழை கோணிவிட்டதாம், ஜீப்புக்கு உதவாது, கேட்டுக்குப் போதும் என்றார். நம் பழைய கேட் எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியும். நீ டியூஷன் விட்டு வந்தாலும், காலேஜ் விட்டு வந்தாலும், கேட் கத்தினால் உன் அப்பா படுத்த இடத்திலிருந்தே, "வந்துட்டா" என்பார். இப்போது ஒரு விரலால் தள்ளினால் போதும், பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. மாட்டி முடித்து இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஏய், இப்ப அவ வந்தா எப்படித் தெரியும்?" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் குளித்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா